துணி உலர்த்தும் யந்திரம்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கேரளத்தில் பள்ளிக்கூடங்கள் ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கின்றன. தென்மேற்குப் பருவ மழையும் ஏறக்குறைய அந்த நாட்களிலேயே தொடங்குகிறது. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டாரங்களில் ஈரம் காயாத சீருடையுடன் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைகளை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். இக்குழந்தைகளுள் பலருடைய வீடுகளில் இன்று சலவை யந்திரம் இருக்கிறது. ஆனால் அதன் 'டிரையர்' சுற்றவில்லை என்பதே வீட்டாரின் குறை. அதைச் சீர் செய்வதா, யந்திரத்தையே மாற்றுவதா என்ற கேள்வி வெளியாருக்கு அற்பமாகத் தோன்றலாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பத்துக்கோ, அது தவணைக் கடன் ஒன்றை மேற்கொள்வதா வேண்டாமா என்னும் கேள்வியாகும். தக்க காரணமின்றியே இவ்விஷயத்தில் புதிது வாங்குவோர் மிகப் பலர் என்பதும், களப்பணியாளரும் ஆசிரியரும் சிறிது முயன்றால் அச்செலவில் பெரும் பகுதியைத் தவிர்க்க இயலும் என்பதும் இங்கு எடுத்துக் கூறத்தக்கவை.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வது நலம். 'டிரையர்' என்ற ஒரே பெயரால் இரு வேறு யந்திரங்கள் அழைக்கப்படுகின்றன. மேல்நாட்டு வீடுகளில் அப்பெயர் பெறுவது, காற்றைச் சூடாக்கித் துணிக்குள் செலுத்தி நீரை ஆவியாக்கும் யந்திரம். தமிழ் வீடுகளில் பெரும்பாலும் அப்பெயர் பெறுவது, இரட்டைத் தொட்டிச் சலவை யந்திரத்தின் சிறிய தொட்டி. இது துணியைச் சூடாக்குவதில்லை. வேகமாகச் சுழற்றி நீரை வெளியே எறிகிறது. முன்னதை வெப்ப உலர்த்தி என்றும் பின்னதைச் சுழல் உலர்த்தி என்றும் பிரித்துக் கூறினால் குழப்பம் நீங்கும். கடைக்காரர் இப்பிரிவினையைச் சொல்லாமல் விடும்போது, சுழல் உலர்த்தி பழுதான வீட்டார் வெப்ப உலர்த்தியை விலை பேசிக்கொண்டிருக்கும் விந்தையும் நேர்கிறது.

இவ்விரண்டின் வேறுபாட்டை உணர, காற்றின் இயல்பைச் சிறிது நோக்க வேண்டும். தமிழ்நாட்டை ஒட்டிய கேரளப் பகுதிகளுள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய இடங்கள் பாலக்காட்டுக் கணவாயின் வழியில் அமைந்தவை. மலைத்தொடரின் இடைவெளியில் புகுந்து வரும் காற்று அங்கே மழைக்காலத்திலும் ஓயாது வீசுகிறது. மூணாறோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், வாரக்கணக்கில் மேகத்துள் மூழ்கிக் கிடக்கும் ஊர். கணவாயின் கிழக்கு வாயிலில் காற்று 30 டிகிரி உஷ்ணமும் 65 சதவீத ஈரப்பதமும் உடையது எனக் கொண்டால், அதன் ஒரு கன மீட்டர் இன்னும் ஏறத்தாழ 10.6 கிராம் நீராவியை ஏற்கும். மூணாற்றில் மழை நாளொன்றில் 18 டிகிரி, 95 சதவீதம் எனக் கொண்டால், அதே அளவு காற்று ஏற்கக்கூடியது முக்கால் கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவே. ஆவியாதலால் காற்று குளிர்வதைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், ஒரு கிலோகிராம் நீர் துணியை விட்டு நீங்க முதலாவது இடத்தில் சுமார் 95 கன மீட்டர் காற்று போதும். இரண்டாவது இடத்தில் ஏறக்குறைய 1,300 கன மீட்டர் காற்று கடந்து செல்ல வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் மாலைக்குள் காயும் வேட்டி மூணாற்றில் மூன்றாம் நாளும் காயாததன் காரணம் இதுவே. இக்கணக்கை எட்டாம் வகுப்பு மாணவரே செய்து பார்க்கலாம்.

மூணாற்றுக் காற்றை 18 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்குச் சூடாக்கினால், அது ஏற்கும் நீராவி 15 மடங்குக்கு மேல் உயர்கிறது. அடுப்பின் மேல் கொடி கட்டித் துணி உலர்த்தும் வழக்கம் மலை வீடுகளில் ஏற்பட்டது இதனால்தான். புகை படிவது அதன் சிறிய தீங்கு. கதவு, சன்னல்களை அடைத்துவிட்டுக் கரி நெருப்பை உள்ளே வைத்துக்கொள்ளும்போது, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு அறையில் சேர்கிறது. உறங்குவோரின் உயிரையே அது போக்கிவிடும். டிரையர் பழுதாகி நாட்கணக்கில் கிடந்தால், குளிர் மிகுந்த ஓர் இரவில் யாரேனும் இம்முறையை நாடக்கூடும் என்பதைக் களப்பணியாளர் மறத்தல் கூடாது.

இனிச் சக்திக் கணக்கு. மூன்று கிலோகிராம் பருத்தித் துணியைக் கையால் முறுக்கிப் பிழிந்தபின் அதில் ஏறத்தாழ மூன்று கிலோகிராம் நீர் தங்கியிருக்கும். நல்ல நிலையிலுள்ள சுழல் உலர்த்தி அதை 1.8 கிலோகிராம் அளவுக்குக் குறைத்துவிடும். அதன் தொட்டி நிமிடத்துக்கு 1,300 முதல் 1,400 முறை சுற்றுவது. தொட்டியின் ஆரம் 12 செண்டிமீட்டர் என்றும், சுற்று 1,350 என்றும் வைத்துக் கணக்கிட்டால், துணியிலுள்ள நீர்த்துளியின் மேல் செயற்படும் விசை புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 245 மடங்கு ஆகிறது. 150 வாட் மோட்டார் 5 நிமிடம் ஓட ஆகும் மின்சாரம் 0.0125 யூனிட். இவ்வாறு வெளியேறிய 1.2 கிலோகிராம் நீரை வெப்பத்தால் மட்டும் ஆவியாக்க வேண்டுமானால், யந்திரம் சிறிதும் வீணாக்காதபோதும், ஏறத்தாழ 0.8 யூனிட் வேண்டும். அறுபது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இது! சுழல் உலர்த்தியைப் பழுது பார்க்காமல் மூலையில் தள்ளிவிட்டு வெப்ப உலர்த்தி வாங்குவது, வாளியால் இறைக்க வேண்டிய நீரை அடுப்பிலேற்றிக் காய்ச்சித் தீர்ப்பதற்கு ஒப்பாகும்.

இடுக்கி மாவட்டத்தார்க்கு உலர்த்தும் கலை புதிதன்று. ஏலக்காய் ஸ்டோர்களில் பச்சைக் காயை மிதமான சூட்டில் ஓர் இரவும் பகலுமாக உலர்த்துகின்றனர். வெப்பம் மட்டும் போதாது, ஈரக் காற்று வெளியேற வழியும் வேண்டும் என்பதைக் கட்டப்பனையிலும் நெடுங்கண்டத்திலும் உள்ள சிறு விவசாயியும் அறிவார். ஸ்டோரின் காற்றாடி நின்றுபோனால் அவர் புது ஸ்டோர் கட்டப் புறப்படுவதில்லை. அன்றிரவே மோட்டார்க்காரரை அழைத்து வருகிறார். விளைபொருளின் விலை அவரை அவ்வாறு செய்விக்கிறது. அதே மனிதர் தம் வீட்டுச் சலவை யந்திரம் நின்றவுடன் 'பழையதாகிவிட்டது' என்று முடிவு கட்டிவிடுவது வியப்புக்குரியது. துவைப்பதும் பிழிவதும் பெண்களின் வேலை என்று ஒதுக்கப்பட்டிருப்பதும் இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இரட்டைத் தொட்டி யந்திரத்தில் மோட்டார்கள் இரண்டு. துவைக்கும் மோட்டார் வேறு, சுழற்றும் மோட்டார் வேறு. ஆகவே டிரையர் நின்றது என்றால் யந்திரத்தில் பாதி இன்னும் உயிருடன் இருக்கிறது என்பதே பொருள். மீதிப் பாதியிலும் பெரும்பாலும் கெடுவது சிறு உறுப்புகளே. தொட்டி சுற்றாமல் 'உம்' என்ற ஓசை மட்டும் கேட்டால், மோட்டாரைத் தொடக்கிவிடும் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். அல்லது பிரேக் விலகாதிருக்கலாம். அல்லது சிறு காலுறையோ கைக்குட்டையோ உள் தொட்டிக்கும் வெளித் தொட்டிக்கும் இடையே சிக்கியிருக்கலாம். கெப்பாசிட்டரின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்குவது. ஓசையே இல்லையெனில் மூடியின் கீழுள்ள ஸ்விட்சையும், நேரங்காட்டும் டைமரையும், கம்பிகளையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் எலிகள் யந்திரத்தின் அடியில் குடிபுகுந்து கம்பியைக் கடித்துவிடுவது எங்கும் கேட்கும் செய்தி. அடியில் வலை பொருத்தாத யந்திரத்துக்கு எத்தனை முறை கம்பி மாற்றினாலும் பயனில்லை. தொட்டி பெரிதும் குலுங்கினால், துணியைச் சமமாகப் பரப்பி மேல் அடைப்பை வைத்துப் பார்த்த பிறகே ஆளைக் கூப்பிடலாம். வடிகுழாய் அடைத்துக்கொண்டு நீர் தேங்கி நின்றாலும் தொட்டி நீருக்குள் இழுபட்டு மெதுவாகச் சுற்றும்.

மலைப் பகுதியில் இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் பார்க்க வேண்டியது மின்னழுத்தம். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940-ஆம் ஆண்டு மூணாற்றை அடுத்தே தொடங்கப்பெற்றது. இருப்பினும் நீண்ட கம்பித் தொடரின் கடைசியிலுள்ள வீட்டுக்கு மாலை வேளையில் 230 வோல்ட் முழுமையாக வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. இத்தகைய மோட்டாரின் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் விசை ஏறத்தாழ 61 சதவீதமாகக் குறைந்துவிடும். நடுப்பகலில் ஓடும் டிரையர் மாலை ஏழு மணிக்கு முனகிக்கொண்டு நிற்குமானால், குற்றம் யந்திரத்தினுடையதன்று. வெப்ப உலர்த்தியின் சூடேற்றும் கம்பிக்கும் இதே கணக்குப் பொருந்தும். 2,000 வாட் என்று எழுதப்பட்டது அவ்வேளையில் 1,225 வாட்டே தரும். எனவே பழுது பார்ப்பவர் வந்தவுடன் திருகாணியைத் தொடுமுன் மீட்டரைத் தொடுகிறாரா என்று கவனிப்பது, அவருடைய திறமையை அறிய நல்ல வழியாகும்.

மேற்கூறிய உறுப்புகள் எல்லாவற்றிலும் மிகுந்த கவனத்துக்குரியது, தொட்டியின் அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம். இதைப் பழுது பார்ப்போர் 'வாட்டர் சீல்' என்பர். இது கிழிந்தவுடன் டிரையர் நின்றுவிடுவதில்லை. வழக்கம்போல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். யந்திரத்தின் அடியில் சிறிது நீர் கசிவது மட்டுமே அறிகுறி. மழைக்காலத்தில் தரையே ஈரமாயிருப்பதால் அது கண்ணில் படுவதுமில்லை. சோப்பு கலந்த அந்த நீர் நேர் கீழேயுள்ள மோட்டாரின் மேல் நாள்தோறும் சொட்டுகிறது; பேரிங் துருப்பிடிக்கிறது; அச்சு இறுகுகிறது; இறுகிய அச்சைச் சுற்ற முயன்று சுருள் சூடேறிக் கருகுகிறது. சிறு தொகையில் முடிந்திருக்க வேண்டிய வேலை சில மாதங்களில் மோட்டாரின் விலைக்கு உயர்ந்துவிடுகிறது. அப்போது கடைக்காரர் 'இதற்குச் செலவு செய்வதைவிடப் புதிது வாங்கலாம்' என்று கூறுவது நியாயமாகவே தோன்றும். புதிது வாங்கும் முடிவுகளுள் பல, உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே இந்த வளையத்தில் தொடங்கியவை. ஆண்டுக்கொரு முறை, மே மாதக் கடைசியில், யந்திரத்தைக் காய்ந்த தரையில் நிறுத்தி, அடியில் செய்தித்தாளைப் பரப்பி, நீர் நிரம்பிய துணியோடு ஒரு முறை சுழற்றிப் பார்த்தால் கசிவு உடனே தெரிந்துவிடும். களப்பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்போது கற்பிக்கத்தக்க சோதனைகளுள் இதைவிட எளியது இல்லை.

எனினும் வீட்டாரோ மாணவரோ யந்திரத்தைத் திறந்து பார்க்குமாறு ஊக்குவிப்பது பெருந்தவறு. மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர் மின்னேற்றத்தைத் தக்க வைத்திருக்கக்கூடும். மூடியைத் திறந்தவுடன் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பிரேக் தொட்டியை நிறுத்த வேண்டும். சில வினாடிகளுக்குள் அவ்வாறு நிற்காத தொட்டியில் கையை விட்டுத் துணியை எடுப்போர் விரல்களையும் கையையும் இழக்கக்கூடும். பிரேக் தேய்ந்த டிரையர் நன்றாகச் சுற்றுகிறது என்பதற்காக அதைத் தொடர்ந்து உபயோகிக்கும் வழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் அதை உடனே நிறுத்தச் செய்ய வேண்டும். நிலத் தொடர்புள்ள மூன்று முனைச் செருகியும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு ஸ்விட்சும் ஈரத் தரையுள்ள வீட்டில் இன்றியமையாதவை. கட்டப்பனை, மலம்புழை முதலிய இடங்களிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணி கற்று வெளிவரும் இளைஞர்கள் இவ்வேலைக்கு உரியவர்கள். அவர்களை ஊர் மக்களுக்கு அறிமுகம் செய்வது, சுவரொட்டி ஒட்டுவதைவிட மேலான விரிவாக்கப் பணி எனலாம்.

வெப்ப உலர்த்தி வைத்திருப்போர் மூணாறு, தேக்கடிப் பகுதிகளின் தங்கும் விடுதிகளில்தான் மிகுதி, வீடுகளில் குறைவு. ஆகவே சுருக்கமாகக் கூறினால் போதும். அதில் துணி காயவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் பஞ்சுத் தூசி அடைத்த வடிகட்டியும், மடிந்துபோன வெளிக்காற்றுக் குழாயுமே. உஷ்ணம் மிகும்போது தானே அறுந்து யந்திரத்தைக் காக்கும் சிறு பாதுகாப்பு உருகியை மாற்றும்போது, அது ஏன் அறுந்தது என்று ஆராயாமல் விடுவது தீ விபத்துக்கு அழைப்பு விடுப்பதாகும். பழைய வெப்ப உலர்த்தி முற்றிலும் கெட்டுப்போனால், வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் 'ஹீட் பம்ப்' வகையை வாங்குவது நன்று. மின்செலவு அதில் பாதிக்கும் குறைவு. இங்கே மட்டும் புதிது வாங்குவதற்குத் தக்க காரணம் உண்டு.

சுழல் உலர்த்தியை மாற்றியே தீர வேண்டிய நிலைகளும் இல்லாமலில்லை. பிளாஸ்டிக் வெளித்தொட்டி பிளந்துவிட்டாலும், அடித்தளம் துருவேறி மோட்டாரைத் தாங்க இயலாது போனாலும், உதிரி உறுப்பு எங்கும் கிடையாது என்று ஆன பிறகும் பணத்தைக் கொட்டுவது அறிவுடைமையாகாது. 'பழுது பார்க்கும் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு' என்ற விதியைப் பலர் கூறுவர். நகரத்தில் அது ஏற்கத்தக்கது. மலைநாட்டில் அவ்விதி இரண்டு செலவுகளை மறைத்துவிடுகிறது. சமவெளியிலிருந்து புதிய யந்திரத்தை மேலே கொண்டு வரும் கூலி ஒன்று; பழைய யந்திரத்தில் இன்னும் நன்றாக ஓடும் துவைக்கும் பாதியின் மதிப்பு மற்றொன்று. இரட்டைத் தொட்டி யந்திரத்தின் விலை இன்று 8,000 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை எனில், அதில் பாதிக்கு மேற்பட்ட மதிப்புள்ள பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பழைய இரும்புக்குப் போடுவது எவ்வகைச் சிக்கனம்?

உதிரி உறுப்பு கிடைக்காமையே உண்மையான தடை. அதைக் குடும்பத்தார் தீர்க்க இயலாது. சட்டந்தான் தீர்க்க வேண்டும். பிரான்சு நாடு 2021 ஜனவரி முதல் சில வகைச் சாதனங்களின் மேல், அவற்றை எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று அச்சிடச் செய்தது. சலவை யந்திரம் அவற்றுள் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் வீட்டு வெப்ப உலர்த்திகளுக்கான புதிய விதிகள் 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கான இணைய வாயில் ஒன்றைத் தொடங்கிற்று. வீட்டுச் சாதனங்களும் அதில் ஒரு துறையாகச் சேர்க்கப்பட்டன. பழுது பார்க்கும் எளிமைக் குறியீடு பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழு 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. அது கைப்பேசி, மின்னணுத் துறையை நோக்கி எழுந்த முயற்சி. கைப்பேசிக்கு மதிப்பெண் இடுவது நன்றே. ஆயினும் ஒரு குடும்பம் பத்தாண்டுக் காலம் உழைக்கும் என்று நம்பி வாங்கும் சலவை யந்திரத்துக்கு அது முந்தி வந்திருக்க வேண்டும். வாட்டர் சீல், கெப்பாசிட்டர், பிரேக் கம்பி ஆகியவற்றின் அளவுகளைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றாமல் பொதுத்தரம் ஒன்றுக்கு உட்படுத்தினாலே, எல்லைப்புற ஊரிலுள்ள ஒரு சிறு கடை எல்லா யந்திரங்களுக்கும் உறுப்பு வைத்திருக்க முடியும்.

எல்லைப்புறத்தார்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. பூப்பாறையில் வசிப்பவர் போடிநாயக்கனூரில் யந்திரம் வாங்குகிறார். குமுளிக்காரர் கம்பத்தில் வாங்குகிறார். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ செல்கிறார். உத்தரவாதக் காலத்தில் யந்திரம் நின்றால், விற்ற கடை தமிழ்நாட்டிலும் யந்திரம் கேரளத்திலும் இருப்பதைச் சாக்கிட்டு இரு பக்கத்துச் சேவை நிலையங்களும் ஒருவரையொருவர் காட்டிவிடுவதற்கு இடமிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி செய்துள்ளது. பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே குறையைத் தெரிவிக்கலாம். இதற்கெல்லாம் வேண்டியது ஒன்றே ஒன்று: வாங்கிய நாளில் கடையில் கொடுத்த பில். ரேஷன் அட்டையும் பட்டாவும் வைத்திருக்கும் அதே தகரப் பெட்டியில் அதையும் வைக்குமாறு கூறுவதைக் களப்பணியாளர் வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

முற்றிலும் உதவாத யந்திரத்தைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் தருமுன், நல்ல நிலையிலுள்ள மோட்டாரையும் டைமரையும் பழுது பார்ப்பவர் கழற்றி எடுத்துக்கொள்ள விட்டால், பக்கத்து லயத்திலுள்ள அதே வகை யந்திரம் ஒன்று அவற்றால் ஓடும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பழைய சாதனங்களைப் பொறுப்புடன் அகற்றும் கடமையை உற்பத்தியாளர் மேல் சுமத்தியுள்ளன. கேரளத்தில் வீடு வீடாக வரும் ஹரித கர்ம சேனையின் பெண்களிடம் விசாரித்தால், எஞ்சிய கூட்டை எங்கே, எப்போது ஒப்படைப்பது என்பது தெரியவரும்.